‘தேற்றத்தைக் கூறி நிறுவுக’: கல்லூரிக் கணிதம் எங்கே தடுமாறுகிறது?

2025 ஜூலையில் சர்வதேசக் கணித ஒலிம்பியாடின் ஆறு கணக்குகளில் ஐந்தைச் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் தீர்த்தன. 42க்கு 35 மதிப்பெண். அது தங்கப்பதக்க நிலை. கூகுள் டீப்மைண்ட், ஓப்பன்ஏஐ என்ற இரு நிறுவனங்களும் தனித்தனியே அறிவித்த முடிவு இது. அந்தப் போட்டி வெறும் விடையைக் கேட்பதில்லை, விடை ஏன் சரி என்று காட்டும் வாதமான நிறுவலையும் முழுதாக எழுதச் சொல்கிறது. எனவே கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் பி.எஸ்சி. கணிதம் படிக்கும் ஒரு மாணவரோ, அவரைச் சேர்த்துவிட்ட பெற்றோரோ இப்படிக் கேட்டால் அதில் தவறில்லை: கைப்பேசியே நிறுவலை எழுதித் தரும்போது, மூன்றாண்டு அதைப் படிப்பது எதற்கு?

பதில் சொல்வதற்கு முன், நம் கல்லூரிகளில் நிறுவல் என்ற பெயரில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது இது: ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார், மாணவர் நோட்டில் எடுத்துக்கொள்கிறார், செமஸ்டர் தேர்வில் ‘தேற்றத்தைக் கூறி நிறுவுக’ என்று வரும்போது அதை அப்படியே திருப்பி எழுதுகிறார். முந்தைய சில ஆண்டுகளின் வினாத்தாள்களைப் புரட்டினால் எந்தத் தேற்றம் வரும் என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம். இந்த வேலையைத்தான் இயந்திரம் நம்மைவிட நன்றாகச் செய்கிறது. இயந்திரம் வருவதற்கு முன்பும் இதனால் மாணவருக்குப் பெரிய பயன் விளைந்ததில்லை. ஒரு வாதம் நிற்கிறதா, எந்த வரியில் உடைகிறது, எந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் சரிகிறது என்று தீர்மானிக்கும் திறனுக்காகத்தான் நிறுவலைக் கற்கிறோம். அந்தத் திறனைத் தேர்வு கேட்பதில்லை. தேர்வு கேட்காததை வகுப்பும் கற்றுத்தருவதில்லை.

மாதிரி பார்ப்பதும் நிறுவுவதும்

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் வியாபாரி மாதிரிக்கு வைத்த விரலியை உடைத்து உள்நிறம் பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார், விலை சொல்கிறார். குவியலில் உள்ள ஒவ்வொரு விரலியையும் அவர் உடைப்பதில்லை. வியாபாரத்துக்கு அது போதும், ஏனென்றால் குவியலுக்கு ஓர் எல்லை உண்டு, சிறு பிழை நேர்ந்தால் விலையில் சரிக்கட்டிக்கொள்ளலாம். எண்களுக்கு எல்லை இல்லை. எத்தனை மாதிரி பார்த்தாலும் பார்க்காதவை முடிவின்றி எஞ்சி நிற்கும்.

மாதிரி நம்மை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குக் கணித வரலாற்றில் நல்ல சான்றுகள் உண்டு.

1. அ² + அ + 41 என்ற இயற்கணிதக் கோவையில் ‘அ’வுக்கு 0, 1, 2 என்று வரிசையாக எண்களை இட்டுப் பாருங்கள். 41, 43, 47, 53 என்று பகா எண்களாகவே வரும். 39 வரை ஒன்றுகூடத் தவறாது. 40ஐ இட்டால் 1681 கிடைக்கும். அது 41 × 41. ஆய்லர் கவனித்த கோவை இது.

2. ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகளைக் குறித்து எல்லாவற்றையும் நேர்கோடுகளால் இணைத்தால், மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாதபடி அமைந்திருக்கும்போது, உள்ளே கிடைக்கும் துண்டுகள் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும். ஆறாவது புள்ளியில் 32 வர வேண்டும் என்று எவரும் சொல்வர். வருவது 31.

3. ஓர் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றையாகவோ இரட்டையாகவோ இருக்கும். 2 முதற்கொண்டு எந்த எண்ணில் நிறுத்தினாலும், அதுவரையுள்ள எண்களில் குறைந்தது பாதியேனும் ஒற்றை வகையாகவே இருக்கும் என்று ஜார்ஜ் போல்யா 1919இல் ஊகித்தார். 1958இல் ஹேசல்குரோவ் இந்த ஊகம் பொய் என்று நிறுவினார். அது முதன்முதலில் பொய்க்கும் இடம் 90,61,50,257. தொண்ணூறு கோடி மாதிரிகள் சரியாக வந்த பிறகும் கூற்று பொய்யாக இருக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வேறு எண் எனக்குத் தெரியாது.

இனி வரும் சில சொற்களை இங்கேயே முடித்துக்கொள்வோம். ஒரு சொல் எதைக் குறிக்கும் என்ற ஒப்பந்தம் வரையறை. நிறுவாமல் ஏற்றுக்கொள்ளும் தொடக்கக் கூற்று எடுகோள். இவ்விரண்டிலிருந்தும், முன்பே நிறுவியவற்றிலிருந்தும், ஐயத்துக்கு இடமில்லாத படிகளால் ஒரு புதிய கூற்றை அடைவது நிறுவல். அப்படி அடைந்த கூற்று தேற்றம். ‘எல்லா’ என்று சொல்லும் கூற்று ஒன்றைப் பொய்யாக்கக் காட்டப்படும் ஒற்றை உதாரணம் எதிர் எடுத்துக்காட்டு. மேலே 40, 31, 90,61,50,257 ஆகியவை செய்த வேலை அதுதான்.

ராமானுஜன் நிறுவவில்லை என்ற பேச்சு

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழித் தாத்தா பாட்டி வீட்டில் பிறந்தவர் கணித மேதை ராமானுஜன் என்பதில் கொங்கு மண்டலத்துக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையோடு ஒரு தவறான கருத்தும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: மேதைக்கு உள்ளுணர்வு போதும், நிறுவல் என்பது வெள்ளைக்காரப் பேராசிரியர்களின் சம்பிரதாயம். கணித தின விழா மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். ஆனால் நடந்தது வேறு.

1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் வியப்பூட்டும் முடிவுகள் பல இருந்தன. அவற்றோடு, ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்கு மிகத் துல்லியமான வாய்பாடு கண்டதாகவும் அவர் சொல்லியிருந்தார். அது அவர் நினைத்த அளவு துல்லியமாக இல்லை. கலப்பெண் சார்புகளின் கோட்பாடு அவருக்கு அப்போது எட்டியிருக்கவில்லை. பகா எண்களின் பரவலோடு நெருங்கிய தொடர்புடைய சீட்டா சார்புக்குக் கலப்பெண் பூச்சியங்களே இல்லாவிட்டால் எப்படியிருக்குமோ அப்படித்தான் அவருடைய பகா எண் கோட்பாடு அமைந்திருந்தது என்று ஹார்டி பின்னாளில் விளக்கினார். இதே துறையில், பெரும்பாலோர் நம்பியிருந்த வேறொரு கூற்றை ஹார்டியின் கூட்டாளியான லிட்டில்வுட் 1914இல் பொய்யாக்கினார். பகா எண்களின் எண்ணிக்கை, அதற்கு நெருக்கமாகத் தோராயம் தரும் ஒரு தொகையீட்டைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும் என்பது அந்த நம்பிக்கை. கணக்கிட்டுப் பார்த்த எல்லா எண்களிலும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் இரண்டும் முடிவின்றி முறை மாற்றிக்கொண்டே இருக்கும் என்று லிட்டில்வுட் நிறுவினார்.

கேம்பிரிட்ஜில் கழித்த ஆண்டுகளில் ராமானுஜன் நிறுவலைக் கற்றார், பயன்படுத்தினார். ஒன்றைவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையே ஒரு பகா எண் உண்டு என்ற பெர்ட்ராண்டின் கூற்றைச் செபிஷேவ் முன்பே நிறுவியிருந்தார். ராமானுஜன் 1919இல் அதற்கு மிகச் சுருக்கமான, அழகான நிறுவலை வெளியிட்டார். ஈரோட்டு மாணவருக்கு அவரைக் காட்டுவதென்றால் இந்தப் பக்கத்தையும் காட்ட வேண்டும்.

ஒரு சிறு தேற்றம், மூன்று விடைகள்

அன்னி செல்டன், ஜான் செல்டன் என்ற இரு கணிதக் கல்வி ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் எடுத்துக்கொண்ட தேற்றம் இது: ஒரு முழு எண்ணின் வர்க்கம் 3இன் மடங்கு என்றால் அந்த எண்ணும் 3இன் மடங்கு. எட்டு இளநிலை மாணவர்களிடம் இதற்கு நான்கு ‘நிறுவல்’களைக் கொடுத்து எது சரி, எது தவறு என்று கேட்டார்கள். முதலில் மாணவர்கள் சொன்னவற்றில் சரியானவை பாதிக்கும் கீழே. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே விடைதான் வந்திருக்கும். திரும்பத் திரும்பப் படிக்க வைத்து, ஐயங்களைப் பேச வைத்தபோது இறுதியில் 80 விழுக்காட்டைத் தாண்டினார்கள். இடையில் புதிய பாடம் எதுவும் நடத்தவில்லை. வரிகளை நின்று யோசிக்க வைத்தார்கள், அவ்வளவே.

இந்தத் தேற்றத்துக்கு வகுப்பில் வரக்கூடிய மூன்று விதமான விடைகளைப் பார்ப்போம். நம் வினாத்தாள்கள் தொடாத இடம் எது என்பது இதில் தெரியும்.

1. “9 என்றால் 3, 36 என்றால் 6, 81 என்றால் 9. எனவே தேற்றம் உண்மை.” மாதிரி பார்த்துவிட்டு ஏலம் முடித்த கதை. இந்தப் பிழையை ஆசிரியர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

2. “அ = 3க என்க. அ² = 9க² = 3(3க²). எனவே அ² என்பது 3இன் மடங்கு. தேற்றம் நிறுவப்பட்டது.” இயற்கணிதம் முழுக்கச் சரி. ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் நிறுவப்பட்டது வேறொரு தேற்றம். எண் 3இன் மடங்கானால் வர்க்கமும் 3இன் மடங்கு என்பது கேட்ட கூற்றின் மறுதலை, அதாவது அதைத் திருப்பிப் போட்ட கூற்று. இந்த விடை பார்ப்பதற்கு நிறுவலைப் போலவே இருப்பதால் அவசரத்தில் முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடும். மாணவர் தாம் தவறியதை அறியாமலே பட்டமும் பெற்றுவிடுவார்.

3. “அ என்பது 3இன் மடங்கு இல்லை என்க. அப்படியானால் அ = 3க + 1 அல்லது அ = 3க + 2. முதலாவதன் வர்க்கம் 9க² + 6க + 1. இரண்டாவதன் வர்க்கம் 9க² + 12க + 4, அதாவது 3(3க² + 4க + 1) + 1. இரண்டையும் 3ஆல் வகுத்தால் மீதி 1. எனவே அ² 3இன் மடங்கு ஆகாது.” இது நிறுவல். ‘மூலம் மடங்கில்லை என்றால் வர்க்கமும் மடங்கில்லை’ என்று காட்டிவிட்டால் கேட்ட கூற்றைக் காட்டியதாகவே ஆகும். மழை பெய்தால் களத்தில் மஞ்சள் காயப்போட மாட்டார்கள் என்பது உண்மையானால், மஞ்சள் காய்கிறது என்றால் மழை இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். மஞ்சள் காயவில்லை என்பதை மட்டும் வைத்து மழை பெய்தது என்று சொல்ல முடியாது. ஆள் கிடைக்காமலும் இருந்திருக்கலாம். இரண்டாம் விடை செய்த தவறு இந்த வகையைச் சேர்ந்தது.

பெரும்பாலான வகுப்புகள் மூன்றாம் விடையோடு நின்றுவிடும். சுவையான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 3க்குப் பதில் 4 போட்டால் தேற்றம் நிற்குமா? 2இன் வர்க்கம் 4, அது 4இன் மடங்கு, 2 மடங்கில்லை. தேற்றம் விழுந்துவிட்டது. அப்படியானால் மேலே எழுதிய நிறுவலில் எந்த வரி 4க்குப் பொருந்தவில்லை? அ = 4க + 2 என்று எழுதிப் பாருங்கள். வர்க்கம் 16க² + 16க + 4. மீதி இல்லை. உடைந்த இடம் அதுதான். இனி 5, 6, 7, 8 என்று மாணவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லலாம். 6க்கு நிற்கும். 8க்கு விழும்: 4இன் வர்க்கம் 16. 9க்கு விழும்: 3இன் வர்க்கம் 9. 12க்கு விழும்: 6இன் வர்க்கம் 36. எந்த எண்களுக்குத் தேற்றம் நிற்கிறது? ஒன்றைவிடப் பெரிய எந்த வர்க்க எண்ணாலும் வகுபடாத எண்களுக்கு மட்டும். முன்னால் யாரும் சொல்லித்தராத ஒரு தேற்றத்தை இரண்டாமாண்டு மாணவர் ஒரே பாடவேளையில் தாமே கண்டெடுக்க முடியும். நிறுவல் கூற்றை உறுதிசெய்வதோடு நிற்பதில்லை. அது ஏன் உண்மை என்று விளக்குகிறது, அடுத்த கூற்றுக்கும் வழிகாட்டுகிறது. மனப்பாடத்தில் இவை இரண்டும் காணாமல் போகின்றன.

சறுக்கல் தொடங்கும் இடங்கள்

முதல் இடம் பள்ளி. 11ஆம் வகுப்புப் பாடத்தை மேலோட்டமாக முடித்துவிட்டு 12ஆம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு நடத்தும் பழக்கம் நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளோடு சேர்த்து நெடுங்காலம் பேசப்பட்டது. அங்கு மட்டும்தான் நடந்தது என்று சொல்வது நியாயமாகாது. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் 11ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பொதுத்தேர்வைக் கைவிட்டது. மாணவர்களின் சுமை குறைவதை வரவேற்கலாம். ஆனால் ஒரு கூற்றை முதல் எண்ணுக்குக் காட்டி, ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போவதையும் காட்டி எல்லா எண்களுக்கும் நிறுவும் கணிதத் தொகுத்தறிதல் இருப்பது 11ஆம் வகுப்புப் பாடநூலில். பள்ளியில் மாணவர் சந்திக்கும் நிறுவல் முறைகளில் மிக முக்கியமான அது மீண்டும் தாண்டிச் செல்லப்படும் பாடமாகிவிட்டால், அந்தக் கடனைக் கல்லூரியின் முதலாண்டு வகுப்புதான் அடைக்க வேண்டியிருக்கும்.

தொகுத்தறிதலைப் படித்தவர்களிலும் பலர் அதைச் சடங்காகவே அறிந்திருக்கிறார்கள். ‘க என்ற எண்ணுக்கு உண்மை என்று கொள்வோம்’ என்று எழுதுவார்கள்; நிறுவ வேண்டியதையே எடுத்துக்கொள்கிறோமே, இது எப்படிச் சரி என்று கேட்டால் பதில் வராது. அங்கே நிறுவப்படுவது ஓர் இணைப்பு மட்டுமே: க என்ற எண்ணில் உண்மையாக இருந்தால் அடுத்த எண்ணிலும் உண்மை. அந்த இணைப்பு எல்லா இடத்திலும் அறுபடாமல் இருக்க வேண்டும். இதைப் புரியவைக்கக் குதிரைகளை வைத்துச் சொல்லப்படும் பழைய போலி நிறுவல் ஒன்று உண்டு. நாம் காங்கேயம் மாடுகளை வைத்தே சொல்லலாம்.

கூற்று: எல்லா மாடுகளும் ஒரே நிறம். ஒரு மாடு மட்டும் இருக்கும் கூட்டத்தில் இது உண்மை. க மாடுகள் உள்ள எந்தக் கூட்டத்திலும் உண்மை என்று கொள்வோம். இப்போது க + 1 மாடுகளை வரிசையாக நிறுத்துங்கள். முதல் மாட்டை விலக்கினால் மீதி க மாடுகளும் ஒரே நிறம். கடைசி மாட்டை விலக்கினாலும் மீதி க மாடுகளும் ஒரே நிறம். இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான மாடுகள் நடுவில் நிற்பதால் எல்லாமே ஒரே நிறம்.

மயிலை, செவலை, காரி என்று நிறம் பிரித்து மாடு பிடிக்கிற ஊரில் இதை யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் பிழை எந்த வரியில்? ஒரு மாட்டிலிருந்து இரண்டு மாட்டுக்குப் போகும் படியில். இரண்டே மாடுகள் நிற்கும்போது நடுவில் பொதுவான மாடு கிடையாது. அந்த ஓர் இணைப்பு அறுந்ததும் மொத்தச் சங்கிலியும் போய்விட்டது. மாணவர்களை இந்த வரியைத் தாமாகக் கண்டுபிடிக்க விட்டால், தொகுத்தறிதலில் பத்துக் கணக்குகள் போட்டதைவிட அதிகம் கற்றிருப்பார்கள்.

இரண்டாவது இடம் ‘ஒவ்வொன்றுக்கும்’, ‘ஏதோ ஒன்று’ ஆகியவற்றின் வரிசை. ‘ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சந்தை நாள் உண்டு’ என்பது ஒரு கூற்று. ‘ஒரு நாள் உண்டு, அதுவே எல்லா ஊருக்கும் சந்தை நாள்’ என்பது வேறு கூற்று. முதலாவதில் ஊரைச் சொன்ன பிறகு நாளைத் தேர்ந்தெடுக்கிறோம். இரண்டாவதில் ஊர் எதுவென்று தெரியாமலே நாளைச் சொல்லியாக வேண்டும். சந்தை என்றால் எவருக்கும் குழப்பமில்லை. ரியல் அனாலிசிஸ் தாளில் தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு அப்படியே இதுதான். சார்பின் மதிப்பில் அனுமதிக்கும் வேறுபாடு எப்சிலான், அதற்காக உள்ளீட்டில் அனுமதிக்கும் வேறுபாடு டெல்டா. தொடர்ச்சியில், புள்ளியும் எப்சிலானும் தெரிந்த பிறகு டெல்டாவைத் தேர்ந்தெடுக்கலாம். சீரான தொடர்ச்சியில், எப்சிலான் மட்டும் தெரிந்த நிலையில் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே டெல்டாவைச் சொல்ல வேண்டும். எண்ணை வர்க்கமாக்கும் சார்பு மெய்யெண் கோடு முழுவதும் தொடர்ச்சியானது. ஆனால் வலப்பக்கம் போகப் போக அது செங்குத்தாக ஏறுவதால் ஒரே டெல்டா எங்கும் போதாது.

மறுப்பதும் இப்படித்தான். ‘ஈரோட்டிலிருந்து கிளம்பும் எல்லா பஸ்ஸும் பெருந்துறை வழியாகப் போகும்’ என்பதை மறுக்க, ஒரு பஸ்ஸும் போகாது என்று காட்ட வேண்டியதில்லை. கவுந்தப்பாடி வழியாகக் கோபிக்குப் போகும் ஒரே பஸ் போதும். ஒரு தொடர்முறை குவியவில்லை, அதாவது எந்த ஓர் எண்ணையும் எல்லையாக நெருங்கவில்லை என்று காட்டச் சொன்னால் திணறும் மாணவருக்கு இந்தத் தருக்கம் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. அவரிடம் இல்லாதது, அதைக் குறியீட்டில் எழுதிய வரியோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம்.

மொழி இங்கே பெரிய பங்கு வகிக்கிறது. பல்லடத்திலோ சத்தியமங்கலத்திலோ தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டு படித்துவிட்டு வருகிறவருக்கு, கல்லூரியில் நிறுவல் ஆங்கிலத்தில் வருகிறது. வரியின் பொருள் பிடிபடாதபோது வரியின் வடிவத்தை மனப்பாடம் செய்வதைத் தவிர அவருக்கு வழியில்லை. விடைத்தாள் எந்த மொழியில் இருந்தாலும், வாதம் முதலில் வகுப்பில் தமிழில் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தமிழில் எதிர்க்கேள்வி கேட்கத் தெரிந்த மாணவர் அதை ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொள்வார். வாதமே புரியாதவருக்கு எந்த மொழியும் உதவாது.

படிப்பதையும் கற்றுத்தர வேண்டும்

நிறுவலை எழுதுவதைப் போலவே படிப்பதும் பயிற்சியால் வருவது. தேர்ந்தவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். எந்த வரைபடத்துக்கும் வண்ணம் தீட்ட நான்கு நிறங்கள் போதும் என்பதற்கு ஆல்ஃபிரட் கெம்பே 1879இல் ஒரு நிறுவலை வெளியிட்டார். கணித உலகம் அதை ஏற்றுக்கொண்டது. அதில் ஓட்டை இருப்பதை ஹீவுட் 1890இல் காட்டும்வரை பதினோர் ஆண்டுகள் அது தேற்றமாகவே நின்றது. உண்மையான நிறுவல் 1976இல்தான், கணினியின் துணையோடு வந்தது.

படிக்கும் பயிற்சிக்குப் பெரிய செலவு தேவையில்லை. இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாட்ஸ், அல்காக், இங்லிஸ் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு வரியைப் படித்ததும் ‘இது முந்தைய எந்த வரியிலிருந்து வந்தது, எந்த வரையறையைப் பயன்படுத்தியது’ என்று தமக்குத்தாமே விளக்கிக்கொள்ளும் சிறு பயிற்சியை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் நிறுவலை மேலும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கண்ணசைவுப் பதிவுகளில் அவர்கள் வரிகளுக்கிடையே முன்னும் பின்னும் போய்வந்ததும் தெரிந்தது. நம் வகுப்பில் இதைச் செய்ய ஒரு பிரதி எடுத்த தாளும் அரை மணி நேரமும் போதும்.

இதற்கு எதிர்முனையில் ஆர். எல். மூர் டெக்சாஸில் நடத்திய முறை இருக்கிறது. பாடநூல் கிடையாது, விரிவுரை கிடையாது. வரையறைகளையும் தேற்றங்களையும் மட்டும் கொடுத்துவிட்டு மாணவர்களே நிறுவிப் பலகையில் எழுதி வாதிட வேண்டும். அறுபது பேர் உட்காரும் வகுப்புக்கு அது முழுமையாகப் பொருந்தாது. நமக்கு நெருக்கமான முன்மாதிரி இந்தியாவிலேயே உண்டு. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி, திறன் தேடல் கோடை முகாமில் ஆசிரியர் கேள்விகளாகவே பாடத்தை நகர்த்துகிறார். மாணவர் உதாரணம் தேடி, ஊகித்து, தவறி, திருத்திக்கொண்டு தேற்றத்தை அடைகிறார். கொங்கு மண்டலக் கல்லூரிகளின் கணிதத் துறைகள் தம் மாணவர்களை ஆண்டுதோறும் அதற்கு விண்ணப்பிக்கச் செய்வது நல்லது. அங்கிருந்து திரும்பி வருகிறவர் வகுப்பின் பேச்சையே மாற்றுவார்.

இயந்திரம் எழுதும் நிறுவலை யார் சரிபார்ப்பது?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். 2024இல் டீப்மைண்ட் ஒலிம்பியாடில் வெள்ளி நிலையை எட்டியபோது அதன் ஆல்ஃபாபுரூஃப் நிரல் ‘லீன்’ என்ற மொழியில் நிறுவல் எழுதியது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் லியோனார்டோ டி மௌரா 2013இல் தொடங்கிய மொழி அது. ஒவ்வொரு படியையும் கணினியே சரிபார்த்துவிடும். 2025இல் தங்க நிலையை எட்டிய நிரல்கள் சாதாரண மனித மொழியில் எழுதின. அவை சரியா என்பதை மனிதர்கள் உட்கார்ந்து படித்துத்தான் முடிவு செய்தார்கள். நிறுவலைப் போலத் தோற்றமளிக்கும் எழுத்து மலிந்துவிட்ட காலத்தில் அதைப் படித்துத் தீர்ப்புச் சொல்பவரின் தேவை கூடியிருக்கிறது. மேலே பார்த்த இரண்டாம் விடையைப் போன்ற ஒன்றை இயந்திரம் சரளமாக எழுதித் தந்தால், அது மறுதலை என்று கண்டுபிடிப்பவர் வேண்டும்.

கோவையில் கணினி அறிவியல் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும். வரிசைப்படுத்திய பட்டியலில் பாதி பாதியாக வெட்டித் தேடும் பைனரி சர்ச் என்ற நிரல் சரி என்று பாடநூல்களில் நிறுவப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஜாவா நூலகத்தில் இருந்த அந்த நிரலில் பிழை இருப்பதை ஜோஷுவா பிளாக் 2006இல் வெளியிட்டார். சுமார் ஒன்பது ஆண்டுகள் அது யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை. நடுவிடம் காண இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள். பட்டியலில் 107 கோடிக்கும் மேல் உறுப்புகள் இருந்தால் அந்தக் கூட்டுத்தொகை, 32 பிட் முழு எண் தாங்கும் 214,74,83,647ஐத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடும். நிறுவலின் தருக்கத்தில் பிழை இல்லை. ‘முழு எண்ணுக்கு எல்லை இல்லை’ என்று அது சொல்லாமல் வைத்திருந்த எடுகோள்தான் கணினியில் பொய். நிபந்தனையைத் தேடிப் பார்க்கும் கண் பயிற்சியில்தான் வரும்.

வினாத்தாளில் தொடங்கலாம்

பாடத்திட்டத்தை மாற்றுவது நீண்ட வேலை. வினாவை மாற்றுவது அப்படியில்லை. தன்னாட்சிக் கல்லூரிகள் தம் வினாத்தாளைத் தாமே அமைக்கின்றன. பாரதியார், பெரியார் பல்கலைக்கழகங்களோடு இணைந்த மற்றக் கல்லூரிகளுக்கும் இன்டர்னல் தேர்வு அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதில் ஒரே ஒரு வினாவையேனும் இப்படி வைக்கலாம்:

1. கீழே ஒரு நிறுவல் தரப்பட்டுள்ளது. பிழையான முதல் வரி எது? ஏன்?

2. மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புடையது. இடைவெளியைத் திறந்ததாக மாற்றினால் நிறுவலின் எந்தப் படி உடைகிறது? (0க்கும் 1க்கும் இடையே ஓர் எண்ணின் தலைகீழியைத் தரும் சார்பை நினைத்தால் போதும்.)

3. குவியும் தொடர்முறை வரம்புடையது. மறுதலை உண்மையா? (1, −1, 1, −1 என்று போகும் தொடர்முறை பதில் சொல்லிவிடும்.)

4. மாடர்ன் அல்ஜீப்ராவில் லக்ராஞ்சு தேற்றம்: உட்குலத்தின் உறுப்பு எண்ணிக்கை குலத்தின் உறுப்பு எண்ணிக்கையை வகுக்கும். வகுக்கும் எண் ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்குலம் இருக்க வேண்டுமா? 12 உறுப்புகள் கொண்ட, நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றக் குலத்தில் 6 உறுப்புகள் கொண்ட உட்குலம் இல்லை.

இவ்வகை வினாக்களைத் திருத்துவது கடினம், திருத்துநருக்குத் திருத்துநர் மதிப்பெண் மாறும் என்ற மறுப்பு வருவதுண்டு. நடைமுறையில் ஒரு பக்க நிறுவலுக்குப் படிவாரியாக மதிப்பெண் பிரிப்பதைவிட இது எளிது. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடைக்குறிப்பு மூன்று வரியில் முடிந்துவிடும்: பிழையான வரியைச் சரியாகக் காட்டினால் 1, காரணத்துக்கு 2, பொருத்தமான எதிர் எடுத்துக்காட்டுக்கோ திருத்தத்துக்கோ 2. வரியைச் சரியாகச் சொல்லிக் காரணத்தைத் தவறாக எழுதியவருக்கு அந்த 1 மட்டும். மாணவர் முதன்முறை தடுமாறுவார், வகுப்பின் சராசரி இறங்கும். எனவே முதல் செமஸ்டரில் இந்த வினாவைக் கட்டாயமாக்காமல் விருப்ப வினாவாக வைத்து, விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் வகுப்பில் ஒரு மணி நேரம் அதைப் பற்றி மட்டும் பேசுவது நல்லது.